மருத்துவக் காரணத்தால் முன்கூட்டியே பணி ஓய்வு: கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியவை

2022-ல் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். டயாலிசிஸ் முடிந்து வந்த அசதியில், கட்டிலில் சாய்ந்தபடியே ஒரு வெள்ளைத்தாளில் ராஜினாமா எழுதினேன். நான்கே வரி. என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்து, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். "காலையில தூங்கி எழுந்து படிச்சுப் பாருங்க. அப்பவும் சரின்னு தோணினா கொடுங்க" என்றாள்.

காலையில் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் 24 ஆண்டுகள் உட்கார்ந்து, "எது வேணா எழுதுங்க சார், ராஜினாமா மட்டும் எழுதாதீங்க" என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். உடம்பு சோர்ந்தால் புத்தியும் சேர்ந்து சோர்ந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்தது மத்திய அரசு விதிகள். அதைத்தான் விரிவாக எழுதுகிறேன். தனியார் வேலையில் இருப்பவர்களுக்குக் கடைசியில் தனிப் பகுதி இருக்கிறது. அவர்களுக்கும் மருத்துவக் கடிதம் பற்றிய பகுதி அப்படியே பொருந்தும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் தனியாக உண்டு. விதி எண்களும் வயது வரம்புகளும் வேறு என்பதால் உங்கள் பிரிவு எழுத்தரிடம் அந்தப் புத்தகத்தையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ராஜினாமா, வி.ஆர்.எஸ்., இன்வாலிட்

மூன்றிலும் மறுநாள் நீங்கள் ஆபீசுக்குப் போகப்போவதில்லை. ஆனால் கைக்கு வருவது மூன்றிலும் வேறு.

ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சேவை முழுவதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்துவிடும். மத்தியக் குடிமைப் பணிகள் ஓய்வூதிய விதிகள் 2021-ல் விதி 26 இதைத்தான் சொல்கிறது. காரணம் புற்றுநோயாக இருந்தாலும், கடிதத்தில் இருக்கும் சொல் ராஜினாமா என்றால் ராஜினாமாதான்.

வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வுக்கு 20 ஆண்டு தகுதிச் சேவை, அதாவது பென்ஷன் கணக்கில் சேரும் சேவை, வேண்டும். மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோயை நிரூபிக்க வேண்டியதில்லை, மெடிக்கல் போர்டு என்ற டாக்டர் குழுவின் பரிசோதனையும் இல்லை. மனம் மாறினால், ஓய்வு பெறும் தேதிக்கு முன்பாகவே எழுதிக் கொடுத்து, அனுமதி கிடைத்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இன்வாலிட் பென்ஷன் விதி 39-ல் வருகிறது. உடல் அல்லது மனநலக் குறைவால் இனி நிரந்தரமாகப் பணி செய்ய இயலாது என்று மருத்துவ அதிகாரி சான்று தர வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: இதற்குப் பத்து ஆண்டு சேவை முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2019 ஜனவரியில் தளர்த்தப்பட்டது. வேலைக்குச் சேரும்போதோ சேர்ந்த பிறகோ மருத்துவப் பரிசோதனையில் தகுதி என்று சான்று பெற்றிருந்தால், நான்கு ஆண்டு சேவை உள்ளவரும் கேட்கலாம்.

20 ஆண்டைத் தாண்டியவர் எதைத் தேர்ந்தெடுப்பது? மாதப் பென்ஷன் இரண்டிலும் ஒன்றுதான், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. 55 வயதுக்குள் மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்றவரின் குடும்பத்தில் ஒருவர் கருணை அடிப்படை வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வி.ஆர்.எஸ்.ஸில் போனால் அது கிடையாது. மறுபக்கம், பென்ஷனில் 40 சதவீதம் வரை விற்று மொத்தமாக வாங்குகிற கம்யூட்டேஷன், வி.ஆர்.எஸ்.ஸில் போனவருக்கு ஓராண்டுக்குள் கேட்டால் மருத்துவப் பரிசோதனை இல்லாமலே கிடைக்கும். இன்வாலிட்டில் போனவர் அதற்கு மறுபடியும் ஒரு டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். உடம்பு சரியில்லை என்று நிரூபித்துப் பென்ஷன் வாங்கிய கையோடு, இன்னும் சில காலம் இருப்பேன் என்று நிரூபித்து கம்யூட்டேஷன் வாங்குகிற விசித்திரம் இது.

என் அபிப்பிராயம்: 55-ஐத் தாண்டி, 20 ஆண்டு சேவையும் இருந்தால் மெடிக்கல் போர்டு வாசலில் காத்துக் கிடக்காதீர்கள், வி.ஆர்.எஸ். கொடுத்துவிடுங்கள். எனக்கு அப்போது 51, மகன் கல்லூரியில். அதனால் இன்வாலிட் வழியில் போனேன். ஆனால் கருணை வேலைக்கு ஒதுக்கப்படுவது 'சி' பிரிவு நேரடி நியமனக் காலியிடங்களில் 5 சதவீதம் மட்டுமே. அவன் பெயர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. அதை மட்டும் நம்பி முடிவு எடுக்க வேண்டாம்.

படி 1: லீவுக் கணக்கைச் சரிபார்த்தல்

விண்ணப்பம் எழுதுவதற்கு ஆறு மாதம் முன்பே சர்வீஸ் புக்கை எடுத்துப் பாருங்கள். சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு இருக்கிறதா, லீவுக் கணக்கு ஒத்துப்போகிறதா, குடும்ப விவரத்தில் மனைவி, பிள்ளைகள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நோய்க்காக எடுக்கும் லீவில் ஒரு கணக்கு உண்டு. அரைச்சம்பள விடுப்பு ஆண்டுக்கு 20 நாள் சேர்கிறது. அதில் இரண்டு நாளைக் கொடுத்தால் முழுச் சம்பளத்தில் ஒரு நாள் 'கம்யூட்டட்' லீவு. முதலில் இதைச் செலவழியுங்கள். ஈட்டிய விடுப்பைத் தொடாதீர்கள், அது ஓய்வு பெறும்போது 300 நாள் வரை முழுச் சம்பளக் காசு.

எல்லா லீவும் தீர்ந்து சம்பளமில்லா விடுப்புக்குப் போக நேர்ந்தால் மருத்துவச் சான்றோடு போடுங்கள். சான்றோடு போட்ட நாட்கள் தகுதிச் சேவையில் சேரும். சான்றில்லாமல் போட்டால் பொதுவாகச் சேராது. சான்றிதழை மறுநாள் கொடுக்கலாம் என்று விட்டு, அது கோப்பில் ஏறாமலே போய், 19 ஆண்டு 10 மாதத்தில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: உங்கள் நோய் எந்தச் சட்டத்தில் வருகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், தசைச் சிதைவு, ஹீமோஃபிலியா, தலசீமியா, மனநோய் எல்லாம் அதில் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பும் இதய நோயும் அந்தப் பட்டியலில் இல்லை.

இது ஏன் முக்கியம்? அந்தச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, பணியில் இருக்கும்போது இயலாமை ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்த வேலை முடியவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். சம்பளம் முழுது, பென்ஷன் பாதி. எது லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பட்டியலில் உள்ள நோய் என்றால் ஓய்வு கேட்பதற்கு முன்னால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குங்கள். "பேசாம இன்வாலிட்ல போயிடுங்க" என்று மேலதிகாரி அன்பாகச் சொன்னாலும் உடனே தலையாட்ட வேண்டாம். 2003-ல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கால் துண்டிக்கப்பட்ட ஒரு காவலரை இன்வாலிட் பென்ஷனில் அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கொடுத்துவிட்டோம் என்பதற்காக, அப்போதிருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு போய்விடாது என்று தீர்ப்பு வந்தது.

பட்டியலில் இல்லாத நோய் என்றால் விதி 39-ன் இன்வாலிட் வழிதான். அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: டாக்டர் கடிதம்

காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். டாக்டர் நோயைப் பற்றி எழுதுகிறார். மெடிக்கல் போர்டுக்கோ வேலையைப் பற்றித் தெரிய வேண்டும்.

நான் பார்த்த கடிதங்களில் பாதி இப்படித்தான் முடியும்: "நோயாளி சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை." இந்த "ஓய்வு தேவை" என்ற இரண்டு சொல் விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடும். ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்றுதானே அதற்கு அர்த்தம்? லீவு கொடுத்து அனுப்புவார்கள், பென்ஷன் கொடுக்கமாட்டார்கள்.

டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி எடுத்துப் போங்கள். அதில் ஆபீசில் உங்கள் வேலை என்ன, எத்தனை மணி நேரம், எத்தனை மாடி, எவ்வளவு பயணம், அதில் எதெல்லாம் இப்போது முடியவில்லை என்று இருக்கட்டும். நான் எழுதியது இப்படி:

"செவ்வாய், வியாழன், சனி தலா நான்கு மணி நேரம் டயாலிசிஸ். வேலை வாரத்தில் ஐந்து நாள், அதில் இரண்டு நாள் முழுதாகப் போகிறது. மறுநாள் காலை எழுந்தால் தலைசுற்றல். மதியத்துக்குப் பிறகு எண்களைக் கூட்டினால் தப்பு வருகிறது, சென்ற மாதம் சம்பளப் பட்டியலில் மூன்று முறை. இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அமைத்த ரத்தக்குழாய் இணைப்பு) இருப்பதால் கனமான கோப்புக்கட்டைத் தூக்கக் கூடாது."

சம்பளப் பட்டியலில் மூன்று தப்பு என்று எழுதக் கை கூசியது. ஆனால் அந்த ஒரு வரியைத்தான் டாக்டர் தன் கடிதத்தில் அப்படியே எடுத்துக்கொண்டார்.

கடிதத்தில் ஐந்து விஷயம் வந்துவிட்டதா என்று வாசலிலேயே நின்று பாருங்கள்: நோயின் பெயர், எப்போதிலிருந்து, இதுவரை என்னென்ன சிகிச்சை, எந்த வேலை முடியாது, அந்த இயலாமை நிரந்தரமா. ஐந்தாவது விடுபட்டால் மற்ற நான்கும் வீண். கூடவே கடந்த இரண்டு ஆண்டு டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கோத்து, மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: விண்ணப்பம்

நீளமாக எழுத வேண்டாம். குடும்பக் கஷ்டம், மேலதிகாரியின் கெடுபிடி, கடன் எதுவும் வேண்டாம்.

"நான் இந்த அலுவலகத்தில் இன்ன பதவியில் இன்ன தேதி முதல் பணியாற்றி வருகிறேன். எனக்கு நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளது. மருத்துவர் சான்று இணைத்துள்ளேன். என் பணிகளைத் தொடர்ந்து செய்ய நிரந்தரமாக இயலாத நிலையில் இருப்பதால், ஓய்வூதிய விதிகள் 2021, விதி 39-ன் கீழ் ஓய்வு பெற விரும்புகிறேன். உரிய மருத்துவ அதிகாரியின் பரிசோதனைக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். விதி எண் கட்டாயம் இருக்கட்டும். "என்னைப் பணியிலிருந்து விடுவிக்கவும்" என்று மட்டும் எழுதினால், அதை ராஜினாமா என்று படிக்க ஒரு ஆள் எங்காவது இருப்பார். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

படி 5: மெடிக்கல் போர்டு

கெசட்டட் அதிகாரிகளுக்கும் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குபவர்களுக்கும் மெடிக்கல் போர்டு. மற்றவர்களுக்கு சிவில் சர்ஜன் அல்லது மாவட்ட மருத்துவ அதிகாரி போதும். எங்கே போக வேண்டும் என்று அலுவலகமே கடிதம் கொடுக்கும். நீங்களாக வாங்கி வரும் சான்று இங்கே செல்லாது.

என் பிரிவில் இருந்த ஒருவருக்கு இதயம் பலவீனம். ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். போர்டில் ஒரு டாக்டர், "எப்படி வந்தீங்க?" என்று சும்மா கேட்டிருக்கிறார். இவர் கௌரவமாக, "பஸ்லதான் சார், நான் யாரையும் தொந்தரவு பண்றதில்ல" என்றிருக்கிறார். பாதி வழியில் இறங்கி அரை மணி நேரம் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து வந்ததைச் சொல்லவில்லை. அறிக்கையில், தனியாகப் பொதுப் போக்குவரத்தில் பயணம் செய்யக்கூடியவர், இலகுவான பணிக்குத் தகுதி என்று வந்தது.

பொய் சொல்லச் சொல்லவில்லை. நம் ஊரில் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறதே, அதை அன்று ஒருநாள் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மாதத்தில் எத்தனை நாள் முடியாமல் போகிறது, அன்றைக்கு என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் அதைப் பார்த்தே சொல்லலாம். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நீங்கள் மறைப்பதை அவர் சொல்லிவிடுவார்.

"இலகுவான பணிக்குத் தகுதி" என்று வந்தால் கதை முடிந்துவிடவில்லை. உங்களுக்குச் சம்மதம் இருந்தால் கீழ்ப் பதவியில் அப்படி ஒரு வேலை தரலாம். தர இடமே இல்லையென்றால் இன்வாலிட் பென்ஷனுக்கே அனுமதிக்கலாம். முழுத் தகுதி என்று வந்து, அது தப்பு என்று நினைத்தால், புதிய சிறப்பு மருத்துவர் சான்றோடு மறுபரிசோதனை கேட்டு எழுதுங்கள். ஒரு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

நிரந்தரத் தகுதியின்மை என்று அறிக்கை வந்துவிட்டால், பணியில் இருப்பவரைத் தாமதமில்லாமல் விடுவிக்க வேண்டும். லீவு பாக்கி இருந்து கேட்டால், அறிக்கை தேதியிலிருந்து ஆறு மாதம் வரை கொடுத்து, அது முடியும் நாளில் ஓய்வு தருவார்கள்.

படி 6: என்ன கிடைக்கும்

கடைசி அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் மாதம் 25,000, அதன்மேல் அகவிலை நிவாரணம். குறைந்தபட்சப் பென்ஷன் 9,000. பணிக்கொடை, முடிந்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கு. 24 ஆண்டு என்றால் 48 அரையாண்டு, அதாவது 12 மாதச் சம்பளம். உச்சவரம்பு 2024 ஜனவரி முதல் 25 லட்சம்.

2004 ஜனவரி முதல் சேர்ந்து, என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணியில் இறந்தாலோ மருத்துவக் காரணத்தால் வெளியேறினாலோ என்.பி.எஸ். பணம் வேண்டுமா, பழைய ஓய்வூதிய விதிப்படி பென்ஷன் வேண்டுமா என்று கேட்டு ஒரு விருப்பப் படிவம் இருக்கிறது. பலர் அதைப் பார்த்ததே இல்லை. சர்வீஸ் புக்கில் அது ஒட்டப்பட்டிருக்கிறதா, எதை டிக் செய்திருக்கிறீர்கள் என்று இந்த வாரமே பாருங்கள், நோய் இல்லாவிட்டாலும்.

தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு

இங்கே மெடிக்கல் ரிடையர்மென்ட் என்று ஒரே கதவு கிடையாது. நான்கைந்து இடத்தில் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனியில் கூப்பிட்டு, "சொந்தக் காரணம்னு போட்டு ஒரு மெயில் அனுப்பிடுங்க, ஸ்மூத்தா முடிச்சிடலாம்" என்பார்கள். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். "தொடர் உடல்நலக் குறைவால் பணி செய்ய இயலாத நிலையில்" என்று எழுதி, டாக்டர் சான்றை இணையுங்கள்.

காரணம் பணிக்கொடை. ஐந்து ஆண்டு முடிந்தால்தான் பணிக்கொடை என்பது எல்லோருக்கும் தெரியும். நோயினால் இயலாமை ஏற்பட்டு விலகினால் அந்த ஐந்து ஆண்டு நிபந்தனை இல்லை என்பது தெரியாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்தச் சலுகை, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அதேபோல ஐந்து ஆண்டுக்குள் பி.எஃப். பணத்தை எடுத்தால் வரி உண்டு, உடல்நலக் குறைவால் வேலை போயிருந்தால் அந்த வரி இல்லை. "சொந்தக் காரணம்" என்ற இரண்டு சொல்லால் இரண்டும் போகும்.

இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருப்பவர்கள், அதாவது மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்கள், அவசரப்பட்டு வேலையை விடவே கூடாது. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள், 70 சதவீதச் சம்பளம். அதற்கு மேல், குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. இதற்கு இரண்டு ஆண்டு காப்பீட்டுப் பணியும் அதில் 156 நாள் சந்தாவும் இருக்க வேண்டும். முதலில் இதைத் தீர்த்துவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கலாம்.

அடுத்தது பி.எஃப். கூடவே வரும் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம். 58 வயதில் பென்ஷன், 50-லிருந்து எடுத்தால் ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நிரந்தர, முழு இயலாமை என்றால் வயதும் பத்து ஆண்டு சேவையும் பார்ப்பதில்லை. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். வேலை செய்யும் இடத்தில் நேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், பென்ஷன் கேட்கும் 10-டி படிவம் கொடுக்க வேண்டும். தொகை பெரிதல்ல: ஓய்வூதியச் சம்பளம் 15,000, சேவை 11 ஆண்டு என்றால் 15,000-ஐ 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க மாதம் 2,357 ரூபாய். மாத்திரைச் செலவில் ஒரு பங்கு.

ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தொடர் உடல்நலக் குறைவுக்காகப் பணியை முடிப்பது ஆட்குறைப்பில் சேராது என்று சட்டமே சொல்லிவிட்டது. கம்பெனி மனம்வைத்து ஏதாவது கொடுத்தால்தான் உண்டு, எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு நின்றுவிடும். ஒன்றரை மாதம் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றக் கேளுங்கள். பழைய காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். எல்.ஐ.சி. பாலிசியில் உள்ள ஊனப் பலனை நம்பிக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், அது விபத்துக்குத்தான், நோய்க்கு அல்ல.

தேதி வரிசை இங்கே உயிர்நாடி. இயலாமை, வேலையில் இருக்கும்போது ஏற்பட்டதாக இருக்க வேண்டும். டாக்டர் சான்றின் தேதி ராஜினாமா தேதிக்கு முந்தியதாக இருக்கட்டும். விலகிய பிறகு பி.எஃப். தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, வெளியேறிய காரணம் என்ன என்று கம்பெனி பதிந்திருக்கிறது என்று பாருங்கள். "நிரந்தர இயலாமை" என்று ஒரு தேர்வு அங்கே இருக்கிறது. பழக்கதோஷத்தில் "பணி முடிவு" என்று போட்டுவிட்டிருப்பார்கள். 10-டி கொடுப்பதற்கு முன்னாலேயே அதைத் திருத்தச் சொல்லி மெயில் அனுப்பிவிடுங்கள்.